மாமனார் தேய்த்த இடம்

மறைந்த மாமனாரின் பழைய காரைத் துடைக்க உட்கார்ந்த மாப்பிள்ளைக்குத் தான் பெரிய மெக்கானிக் என்று நினைப்பு. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்த நீலத்தை அழுத்தித் தேய்த்தார். துணிதான் நீலமானது.

"எவ்வளவு அழுக்கு பாரு!"

"அழுக்கில்லைங்க, பெயிண்ட்டு! விட்டா காரையே துடைச்சு எடுத்துடுவீங்க" என்றாள் மனைவி.

அசடு வழிந்தபடி டிரைவர் கதவுக்கு நகர்ந்தார். ஜன்னல் விளிம்பில் ஓரிடத்தில் வெறும் தகரம் தெரிந்தது. அங்கேயாவது நீலம் பூசலாமென்று பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"அது வேணாம். அப்பா முழங்கை வெச்சு வெச்சுத் தேஞ்ச இடம்."

டப்பாவை மூடினார். அவள் உள்ளே போனதும் டிரைவர் சீட்டில் ஏறி, தன் முழங்கையை அங்கே வைத்துப் பார்த்தார். எட்டவில்லை. தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். நம்ம உயரத்துக்கு இது சரிப்படாது என்று பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.