கேட்டில் நின்ற சிர்கான் லாரி

1. அலாரம்

துறைமுக கேட்டிலிருந்து போன் வந்தபோது நான் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். கடற்கரைத் தாது மணலைப் பிரித்தெடுக்கும் ஒரு தனியார் ஆலையில் நான் ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர். எங்கள் லாரி நுழைந்ததும் அங்கே கதிர்வீச்சு அலாரம் அடித்துவிட்டதாம். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

அதுவரை நாங்கள் அந்த வழியாக அனுப்பியதெல்லாம் கார்னட் என்கிற செம்மணல். சிர்கான் போவது அதுதான் முதல் தடவை. சிர்கானில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. துறைமுகத்துக்கு முன்கூட்டிப் போக வேண்டிய தகவல் போய்ச் சேரவில்லை.

லாரியை ஓரங்கட்டிச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். டிரைவர் இசக்கிமுத்து, ஆத்தூர்க்காரர், உள்ளே தனியாக நின்றார். மற்ற டிரைவர்கள் எட்ட நின்றார்கள்.

"ஏலே இசக்கி, அங்கனயே நில்லு, கிட்ட வராத!" என்று ஒருவர் கத்தினார். டீ கொண்டுவந்தவர் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போனார்.

என்னைப் பார்த்ததும் இசக்கிமுத்து கேட்டார்: "மேடம், எனக்கு என்ன ஆவும்? உள்ளதச் சொல்லிருங்க. வீட்ல அவ மாசமா இருக்கா."

நான் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "சிர்கான்ல யுரேனியமும் தோரியமும் துளியூண்டு..."

"யுரேனியமா? அணுகுண்டுல போடுததா?" அவர் முகம் வெளிறிப்போனது.

பேச்சை நிறுத்தினேன். லாரியில் ஏறி அவருடைய சீட்டில் உட்கார்ந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன். "வந்து நீங்களே பாருங்க. பின்னால மண்ணு இருக்க கன்டெய்னர் பெட்டிய ஒட்டி வச்சா முள்ளு ஏறுது. சீட்ல, வெளிய இருக்கதவிட லேசாத்தான் கூட. ஆலையிலருந்து இங்க ஓட்டிட்டு வந்ததுல இவருக்கு ஒண்ணும் ஆவாது." பிறகு அவர் சட்டை, கை, செருப்பு எல்லாவற்றிலும் மீட்டரைப் பிடித்துக் காட்டினேன். முள் அசையவில்லை. கத்தியவரே கயிற்றைத் தாண்டி வந்து, "என்னையும் ஒருக்கா பிடிச்சுப் பாருங்க மேடம்" என்றார்.

அதிகாரிகள் சோதித்து லாரியை விட்டுவிட்டார்கள். ஆனால் இசக்கிமுத்துவுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. "அவகிட்ட நீங்க வந்து சொல்லுதியளா?" என்றார்.

2. ஆத்தூர்

அவர் மனைவி செல்விக்குச் சேதி முன்னமே போய்விட்டது. கணவரின் துணியைத் தனியாக நனைக்க வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள். அழவில்லை. என்னை உட்காரவைத்துக் கேட்டாள்.

"அந்த மண்ணு எங்கருந்துக்கா வருது?"

"மலைப்பாறை உடைஞ்சு ஆத்தோட கடலுக்கு வருது. அலை அதக் கரையில ஒதுக்குது. கருப்பா இருக்கது இல்மனைட், டைட்டானியம் எடுக்குற தாது. அதுக்கூடவே சீனி மாதிரி மினுங்குறது சிர்கான். கரையில கலந்து கிடக்கும்போது கொஞ்சந்தான். நாங்க பிரிச்சு ஒரே இடத்துல சேக்கோம், அதான் மெஷின் கத்துது."

"மூடுன பெட்டிய ஓட்டுதவருக்கு ஒண்ணுமில்ல, சரி. தெறந்து பையில அள்ளுதவங்களுக்கு? எங்க தெருப் பொம்பளைய ரெண்டு பேரு அங்கதான் வாராவ."

"தூசி வருசக்கணக்கா நெஞ்சுக்குள்ள போனாத்தான் கெடுதல். அதுக்குத்தான் மாஸ்க் குடுத்திருக்கு."

"எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாக்கா?"

பயிற்சி வகுப்பு நடந்தது உண்மை. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டு நடத்தினார்.

மறுநாள் காலையில் ஆலையின் பை கட்டும் பிரிவுக்குப் போனேன். வெக்கை தாங்காமல் எல்லோருடைய மாஸ்க்கும் கழுத்தில் தொங்கியது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். "புரொடக்ஷன் நிக்குதே மேடம்" என்றார் மேனேஜர். "நிக்கட்டும் சார்" என்றேன். அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, மாஸ்க் எதற்கு என்று சொன்னேன். பால் கொடுக்கும் தாய் ஒருத்தி முதலில், "எம்பிள்ளைக்கு ஏதும் ஆவுமா?" என்று கேட்டாள். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை. அன்று பதில் சொல்ல முடியாத ஒரே கேள்வி, "தூசிய உறிஞ்சுத மெஷின் இங்க ஏன் இல்ல?" அதை மேனேஜரிடம் கொண்டுபோனேன். பல தடவை நடந்த பிறகு வாங்கினார்கள்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். அடுத்த சிர்கான் லோடையும் இசக்கிமுத்துவே ஓட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மீட்டர் பிடிப்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். "எனக்கு என்ன ஆவும்" என்று ஒருவர் கேட்டால் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள், கனிமத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். மணலுக்கு மிக அருகில் நிற்பவர்களிடம், அவர்கள் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள்.