மாலை போட்டு நிறுத்திய மாத்திரை

மனைவி இறந்த மறு வருடத்திலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். திருவள்ளூரில் ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தது. திருத்தணிக் கடைத்தெருவில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கடைகளில் நிற்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதனால் மின்சார ரயில் ஏறிப் போய் அங்கேயே வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். யார் வரப் போகிறார்கள் என்று மறைத்தேனோ தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் வாரத்துக்கு ஒரு முறை பேசுவான். அவனுக்கும் சொல்லவில்லை.

மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். "நிறுத்தணும்னு தோணினா எங்கிட்ட வாங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க."

ஆடிக் கிருத்திகைக்கு என் மனைவி வருடந்தோறும் பூக்காவடி எடுப்பாள். அந்த ஆண்டு நானே எடுக்கிறேன் என்று மாலை போட்டுக்கொண்டேன். மாலை கழுத்தில் இருக்கும்வரை மருந்து தொடுவதில்லை, விபூதிதான் மருந்து என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் தகப்பனார் காய்ச்சலோடு காவடி எடுத்திருக்கிறார். நான் அந்த வழக்கத்தை ஒருநாளும் மதித்ததில்லை. வகுப்பில் கேலிகூடச் செய்திருக்கிறேன். இப்போது அது எனக்கு வசதியாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியது பக்தியால் அல்ல, வெட்கத்தால். மாலை ஒரு சாக்கு.

முதல் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எந்த நோயுமே இல்லை என்று மார்தட்டிக்கொண்டேன். பிறகு ஆரம்பித்தது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். பழுதான சுவிட்சைத் தொட்டவர்களுக்குத் தெரியும் அது. படி இறங்கினால் படி நகரும். வியர்வை, குமட்டல், தூங்கினால் தெளிவான கெட்ட கனவுகள். கத்தரிக்காய் நறுக்கும்போது காரணமில்லாமல் அழுதேன். பால்காரரிடம் நுரைக்காகச் சண்டை போட்டேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. நிறுத்தியதைச் சொல்ல வேண்டுமானால், சாப்பிட்டதையும் சொல்ல வேண்டுமே.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காவடி பூஜை. பம்பை அடித்தார்கள். சத்தம் வந்த பக்கம் திரும்பினேன். தலைக்குள் சுருக், சுருக்கென்று தொடர்ந்து வெட்டியது. கால் நடுங்கி, தூணைப் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சாமி வந்துகினு இருக்கு, வழி விடுங்க!" என்றது ஒரு குரல்.

கற்பூரம் காட்டினார்கள். கையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தலை சுற்றுகிறது, ஒரு நாற்காலி போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாரைக் கும்பிட்டு விபூதி வாங்கப் பழத்தோடும் பூவோடும் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, மருமகள் குறையும் மழைக் குறையும் பேசினார்கள். ஒரு பெண் சமையலறையில் என் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தலை சுற்றும்போதெல்லாம் தாராளமாகச் சுற்றவிட்டேன்.

மாடியில் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து குடியிருந்த தம்பதிகள் இருந்தார்கள். கணவர் இங்கே பவர்லூம் தறி ஓட்டுபவர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அந்தம்மா அவரையும் இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"சாமி, இவருக்கு வலிப்பு வந்தே ரொம்ப நாளாவுது. மாத்திரை போட்டா நாள் பூரா தூங்கி வழியறாரு. தறியாண்ட ஓனரு திட்றாரு. நிறுத்திடலாமா? நீங்க சொன்னா நிறுத்திடறோம்."

"சாரை ஏன்டி தொல்லை பண்றே?" என்றார் அவர், கூச்சத்தோடு.

"நீ சும்மா இருய்யா. சாமி சொல்லட்டும்."

கூடம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் அவர் நெற்றியில் விபூதி பூசினேன். ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்பதை அந்த வீட்டில் அப்போது என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பிறகு தனியாக மாடிக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்றும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் அவர் மாடிப்படியில் விழுந்த சத்தத்தைக் கூடத்தில் உட்கார்ந்தே கேட்டேன். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. முகவாய் கிழிந்து ரத்தம், முன்பல் ஒன்று உடைந்து சட்டையில் கிடந்தது. தறி ஓடும்போது வந்திருந்தால் கை போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்டு, பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வராந்தாவில் அந்தம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, எனக்குச் சாமி வரலை. நானும் மனசுக்கு மாத்திரை சாப்பிடறவன். திடீர்னு நிறுத்தினேன். அதுல தலைக்குள்ள கரண்ட் அடிச்சு வந்த நடுக்கம் அது. தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லலை."

அவள் என் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

"அப்போ உங்க உடம்புக்கு இன்னான்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் விபூதியா?" என்றாள். "இவ்ளோ படிச்சிக்கினு!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லதுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் யாரும் வரவில்லை. காவடி எடுக்காமல் மலைக்குப் போய் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

திருவள்ளூர் மருத்துவர் திட்டவில்லை. மறுபடி பழைய அளவிலேயே ஆரம்பித்து, உடம்பு நிலைக்கு வந்தபின் துளித் துளியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். அளவு குறையும் ஒவ்வொரு முறையும் சில நாட்கள் அந்தச் சுருக் வந்து போகிறது. அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தணிந்துவிடுகிறது. மகனிடம் சொன்னேன். "ஏன்பா முன்னாடியே சொல்லலை?" என்றான்.

மாடியில் இருந்தவர்கள் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். சாமான் இறக்கும்போது அந்தம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவர் மட்டும், ஒரு கையில் ஃபேனைத் தூக்கிக்கொண்டு, தையல் போட்ட முகவாயோடு தலையாட்டினார்.

மூன்று மாதம் யோசித்துவிட்டு, போன வாரம் அவருக்கு போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"போட்டுகினுதான் இருக்கேன் சார். வேற மாத்திரை குடுத்துகிறாங்க, தூக்கம் அவ்ளோ வர்றதில்ல. நீங்க?"

"நானும்தான். குறைச்சுக்கிட்டு வரேன்."

"தலைக்குள்ள அது இன்னும் அடிக்குதா சார்?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. போனை மறு காதுக்கு மாற்றினேன். அதற்குள் அந்தப் பக்கம் அந்தம்மாவின் குரல் கேட்டது. "யாருய்யா போன்ல?"

"யாருமில்ல," என்றார் அவர். "ராங் நம்பரு."