முப்பதைத் தாண்டாத மைதானம்

சனிக்கிழமை சாயங்காலம் ரெபேக்காளும் அவள் அப்பா தேவசகாயமும் பந்துக்கு வார் கட்டினார்கள். அப்போதெல்லாம் பேஸ்கட் பால் தோலுக்கு ஒரு வாய் இருக்கும். உள்ளே ரப்பர் பிளாடரைத் திணித்து, காற்றடித்து, குழாயை மடக்கிக் கட்டி, அந்த வாயைத் தோல் வாரால் தைத்து மூட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. அப்பா பந்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி அமுக்கிக்கொண்டார். மகள் கோணி ஊசியில் வாரைக் கோத்து இழுத்தாள்.

“இழு. இன்னும் இழு. மேடு தட்டக் கூடாது.”

“கை அறுந்துடும்ப்பா.”

“மேடு இருந்தா பந்து ஒரு பக்கமாத் துள்ளும். பசங்க ‘பந்து சரியில்ல சார்’னு ஆரம்பிச்சுடுவானுங்க. அவனுங்களுக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும்.”

முடிச்சுப் போட்டதும் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். பந்து நேராக எழும்பிக் கைக்கு வந்தது. அதை மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் விடிவதற்குள் மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று.

ரெபேக்காள் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் டிரேசர். என்ஜினீயர்கள் போடும் மதகு, பாலம், சாலைப் படங்களை டிரேசிங் துணியில் நகலெடுப்பது அவள் வேலை. அம்மா இறந்தபின் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டில் அப்பாவும் அவளும்தான்.

தேவசகாயம் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர். பையன்களுக்கு ‘பி.டி. சார்’. மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் ஒரு கிராமத்தில் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மெட்ராஸில் டிரில் பயிற்சிக்குப் போனபோது பேஸ்கட் பாலை முதன்முதலாகப் பார்த்தார். ஆள் குட்டை. அவர் எறிந்தால் பந்து எங்கேயோ போகும். ஆனால் அவர் எதிரில் நின்றால், எவ்வளவு உயரமானவனாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. தனக்குத் தெரிந்த அந்த ஒன்றைத்தான் பிறகு கல்லூரியிலும் கற்றுக்கொடுத்தார்.

மற்ற கல்லூரிகளில் பயிற்சியாளர்கள் கோட்டுக்கு வெளியே நின்று ரிங்கைப் பார்ப்பார்கள். இவர் ரிங்குக்கு அடியில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். “பந்த ஏன்டா பாக்கற? அவன் இடுப்பப் பாரு. கண்ணால ஏமாத்துவான், தோளால ஏமாத்துவான், இடுப்பால ஏமாத்த முடியாது” என்பார். தினமும் பயிற்சி ஒன்றேதான். முழங்காலை மடக்கி, கையை விரித்து, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, ரிங்குக்கும் அதற்கு எதிரே சுண்ணாம்பில் போட்ட எறிகோட்டுக்கும் நடுவில் பக்கவாட்டாகப் போய்வர வேண்டும். பையன்கள் இதற்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் நண்டு. எறிவதற்குக் கடைசியில் பத்து நிமிஷம்.

மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போய் மணலிலும் நண்டு விடச் சொல்வார். அணியில் சதுரங்கப்பட்டினத்துப் பையன் ஷஃபியுல்லா ஒருவன். வாய் சும்மா இருக்காது.

“மச்சான், அங்க பாரு. நெஜ நண்டுங்க நம்மளப் பாத்துட்டு சிரிச்சிக்கினே வளைக்குள்ள பூந்துகினு போவுதுங்க.”

“டேய் ஷஃபி, குனி!”

“குனிஞ்சிக்கினுதான் சார் கீறேன். இதுக்கு மேல குனிஞ்சா கடல் தெரியாது சார்.”

பலன் இல்லாமல் போகவில்லை. எட்டு வருஷமாக அந்த மைதானத்தில் எந்த அணியும் முப்பது பாயிண்ட்டைத் தாண்டியதில்லை. தேவசகாயம் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான். டிக்கெட் பரிசோதகர், மருந்துக் கடைக்காரர், பாதிரியார், யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் சொல்லாமல் விட்டது, சொந்த அணியின் பாயிண்ட். பதினேழுக்கு இருபத்திரண்டு என்று தோற்பார்கள். பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று ஜெயிப்பார்கள். ஒரு மேட்ச் பார்த்துவிட்டுப் பிரின்சிபால், “மிஸ்டர் தேவசகாயம், இரண்டு பக்கமும் தூங்கிவிட்டார்களோ என்று பயந்துபோனேன்” என்றாராம். வெளியூர் போனால் இன்னும் மோசம். பத்தைத் தொடுவதே பெரும்பாடு.

ஐம்பத்தாறாம் வருஷம் மழைக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு மேட்ச். அலுவலகத்துக்கு நிப்பும் மையும் வாங்கப் போன ரெபேக்காளும் உட்கார்ந்து பார்த்தாள். பதினொன்றுக்கு ஐம்பத்து மூன்று என்று தோற்றார்கள். தோற்றது அவளுக்குப் புதிதில்லை. தவறிய விதம்தான் புதிது. செங்கல்பட்டில் பந்து ரிங்கின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். இங்கே ஒவ்வொன்றும் போர்டின் உச்சியில் மோதிப் பறந்தது.

ரயிலில் கேட்டாள். “ஏம்ப்பா, நம்ம ஊர்ல எட்டாத பந்து இங்க மட்டும் ஏன் தாண்டிப் போவுது?”

“பயம். ஊரு மாறினா பயத்துல வேகமா எறியறானுங்க.”

அவளுக்கு அது ஒப்பவில்லை. பயந்தவன் நாலு பக்கமும் தவறுவான். இவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தவறினார்கள். ஒரே மாதிரி தவறு என்றால், அவள் அலுவலகத்தில் ஆளைத் திட்ட மாட்டார்கள். ஸ்கேலை எடுத்துப் பார்ப்பார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அப்பாவுக்குக் குடை கொண்டுபோனாள். மழை விட்டிருந்தது. மைதானம் முழுக்கத் தண்ணீர் வடிந்து பக்கத்துக் கொளவாய் ஏரிக்குப் போய்விட்டது. இரண்டு ரிங்குக்கு அடியிலும் மட்டும் எறிகோடு வரைக்கும் தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் தேங்கி நின்றது. தோட்டி அதைச் சேறும் தண்ணீருமாக மண்வெட்டியால் வழித்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். ஷஃபியுல்லா ரிங்குக் கம்பத்தின் அடியில் ஒரு சிமெண்ட் கட்டையின் மேல் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

“அது என்ன ஷஃபி, நீ உக்காந்திருக்கறது?”

“இதாக்கா? குந்திக்கற கட்டை. நான் சேந்த நாள்லேர்ந்து கீது. ஷூ போட்டுக்கச் சொல்லோ வசதி.”

ரெபேக்காள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது உட்காரும் கட்டை இல்லை. கம்பத்தின் அஸ்திவாரம். அப்படிப்பட்ட அஸ்திவாரங்களை எத்தனையோ நகலெடுத்திருக்கிறாள். அதன் தலை தரை மட்டத்தில் இருக்க வேண்டும். குனிந்து ஜாண் போட்டுப் பார்த்தாள். ஒரு ஜாணுக்கும் மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கம்பம் உயரவில்லை. தரைதான் இறங்கியிருந்தது. யாரும் தோண்டவில்லை. எட்டு வருஷம் தினமும் அத்தனை கால்கள் அந்த இடத்தை நண்டுபோல் தேய்த்தன. தேய்ந்த மண்ணை வருஷா வருஷம் மழையும் தோட்டியின் மண்வெட்டியும் கொண்டுபோயின. கோடு அழிந்தால் சுண்ணாம்பு போட்டார்கள், அவ்வளவுதான். எறிபவன் எவனாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் நின்றுதான் எறிய வேண்டும். அவனுக்கு ரிங் ஒரு ஜாண் கூடுதல் உயரம். அதற்குப் பழகிய கை வெளியூரில் போர்டின் உச்சிக்குத்தான் எறியும்.

சொல்லாமலே போய்விடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

“என்னம்மா அங்க ஜாண் போட்டுக்கினு இருக்க?”

சொன்னாள். அவர் குந்தி உட்கார்ந்து தானும் ஜாண் போட்டுப் பார்த்தார். அண்ணாந்து ரிங்கைப் பார்த்தார். எட்டு வருஷம் அதற்கு முதுகைக் காட்டியே நின்றவர்.

“வெளியூர்க்காரனும் இதே பள்ளத்துல நின்னுதானே எறிஞ்சான்?”

“ஆமாப்பா.”

“அப்போ முப்பது தாண்டாம தடுத்தது நான் இல்ல. பள்ளம்.”

“தெரியலப்பா. பள்ளத்தத் தூத்துட்டு ஒரு மேட்ச் ஆடினாத்தான் தெரியும்.”

மறுநாள் அணியைக் கூட்டிச் சொன்னார். பையன்கள் பதறிப்போனார்கள். ஜனவரியில் அதே மெட்ராஸ் அணி செங்கல்பட்டுக்கு வருவதாக இருந்தது.

“வாணாம் சார்” என்றான் ஷஃபியுல்லா. “அவங்க வந்துட்டுப் போவட்டும், அப்பால தூத்துக்கலாம். இப்ப தூத்தா நம்மள பொளந்துடுவானுங்க சார். ஊருக்குள்ள நம்ம மானம் முப்பதுலதான் கீது.”

“பள்ளம் செய்யற வேலைக்கு நான் எதுக்குடா விசிலு ஊதிக்கினு நிக்கணும்?”

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது ரெபேக்காளிடம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதுவரை அவர் அதிகம் பேசாத விஷயம். “அறுப்புக் காலத்துல பண்ணையில வயக்காவல் அவருதான். வெதைச்ச நெல்லும் அவருது இல்ல, அறுத்துக்கினு போனதும் அவருக்கு இல்ல. ஆனா அவர் நிக்கற வயல்ல ஒரு கதிர் போவாது. எனக்கும் அது ஒண்ணுதாம்மா வந்துச்சு. அதுவாவது நெஜந்தானான்னு பாத்துடலாம்.”

கிராவல் மண் வண்டி வண்டியாக வந்தது. பையன்களே கொட்டி, நிரவி, தண்ணீர் விட்டு, கல் உருளையை இழுத்தார்கள். சிமெண்ட் கட்டை மண்ணுக்குள் மறைந்தது. “உக்கார எடம் போச்சே” என்று ஷஃபியுல்லா புலம்பினான். முதல் நாள் எறிந்த பந்தெல்லாம் போர்டைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் ஓடியது. பத்து நாளில் கை பழகிவிட்டது. பிறகு பந்து விழத் தொடங்கியது. ஒருவன் போட்டதும் இன்னொருவன் போட்டான். தேவசகாயம் நண்டை அரை மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரம் திரும்பி நின்று, வலைக்குள் பந்து விழுவதை வாயைத் திறந்தபடி பார்த்தார்.

மேட்ச் வெள்ளிக்கிழமை நடந்தது. மைதானத்தில் கூட்டம் அவ்வளவாக இல்லை. பாதி ஆட்டத்துக்குமேல் சத்தம் கேட்டு ஹாஸ்டலே வந்து நின்றது. சிலேட்டில் பாயிண்ட் எழுதுகிறவனுக்கு அழித்து எழுத நேரம் போதவில்லை. மெட்ராஸ் முப்பத்தொன்று என்று எழுதியபோது தேவசகாயம் திரும்பி ரெபேக்காளைப் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். முப்பத்து நாலுக்கு முப்பத்தெட்டு. தோற்றார்கள். தோற்ற அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் பையன்கள் ஆடினார்கள்.

கூட்டம் கலையும்போது ரெபேக்காள் மெட்ராஸ் அணியின் மேனேஜரிடம் போய், மற்ற ஊர்களில் அந்த வருஷம் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கொளவாய் ஏரி ஓரமாக அப்பாவும் அவளும் நடந்தார்கள். அவளே சொன்னாள்.

“எங்கயுமே ஐம்பதுக்குக் கொறைஞ்சது இல்லியாம்ப்பா.”

“அப்போ?”

“மேட்ச் ஒண்ணுதான். இத வெச்சு முடிவாச் சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கு தரை சரியாதான் இருந்துச்சு. ஐம்பது எடுக்கறவன் முப்பத்தெட்டுல நின்னான். கொறைஞ்ச பன்னெண்டு பாயிண்ட்டுக்குப் பள்ளத்தச் சொல்ல முடியாது. அது உன்னுது.”

“பன்னெண்டு.” கொஞ்ச தூரம் நடந்தார். “பன்னெண்டு பரவால்ல.” சிரித்தார். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது.

“ராமதாஸ்னு ஒருத்தன் இருந்தான், தெரியுமா உனக்கு?”

அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் அணியில் இருந்த மாமல்லபுரத்துப் பையன். எறிவதில் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. அவன் எறிந்தால் பந்து அழகாகச் சுழன்று போகும். போய் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். ஒரு மேட்ச் தோற்றதும் அத்தனை பேர் முன்னாலும் அவனிடம், “உனக்கு எறிய வராது. இனிமே உன் கை ரிங்கப் பாத்துத் தூக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அவனும் தூக்கவில்லை. படிப்பு முடியும்வரை எதிராளியைத் தடுக்கும் இடத்தில் மட்டும் ஆடினான். இப்போது மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

“பையன் சரியாத்தான் எறிஞ்சிருக்கான். திங்கக்கிழமை மொதல் பஸ்ஸுல போயி சொல்லிட்டு வந்துடறேன்.”

“ஒரு கார்டு எழுதிப் போடேன்ப்பா.”

“எல்லார் முன்னாடியும் சொன்னேம்மா. கார்டுல எழுதினா சரியாவாது. அவன் பசங்க முன்னாடி நின்னு சொல்லணும்.”

மறுநாள் சாயங்காலம்தான் இருவரும் பந்துக்கு வார் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம். செய்தி பஸ் மூலமாகப் போய், பழைய மாணவர்கள் பலர் வந்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒல்லியான ஒருவன் ரெபேக்காளிடம் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் ராமதாஸ். சார்கிட்ட ஆடினவன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒரு ரிங்கு நட்டுருக்கேங்கா. சார் சொல்லிக் குடுத்த மாரியே. நண்டு மட்டுந்தான். பசங்க எறியணும்னு அடம் புடிக்கறானுங்க, நான் வுடறதே இல்ல. எனக்கே வராத வித்தை, அவனுங்களுக்கு இன்னாத்தக் கத்துக் குடுக்கறது? எனக்கு வராதுன்னு கண்டுபுடிச்சி சொன்னதே சாருதான். இல்லாங்காட்டி நான் அதையே புடிச்சிக்கினு காலத்த ஓட்டியிருப்பேன்.”

“அப்பா நாளைக்கு உன்னப் பாக்க வரதா இருந்தாரு.”

“சாரா? என்னையா? எதுக்குக்கா?”

அவள் சொல்லத் தொடங்குவதற்குள் மண் போடக் கூப்பிட்டார்கள். அவன் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். திரும்பி வந்தபோது அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

அப்பா போக வேண்டிய இடத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை. மாமல்லபுரத்தில் அந்தப் பையன்கள் எறியாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.