மூன்றாம் சூளை

குணவதி அக்கா இரண்டு செங்கற்களை எடுத்து, வந்தவரின் காதருகே ஒன்றோடொன்று தட்டுகிறார். டங்கென்று ஓசை எழுகிறது. வேறொரு சோடியைத் தட்டினால் பொத்தென்று அடங்குகிறது. "வெந்த கல்லு பேசும், வேகாதது முனகும். வித்தியாசம் தெரியுதுலா?" என்று கேட்கிறார். தெரிகிறது என்று சொல்லும்வரை அடுத்த மேசைக்கு விடமாட்டார்.

மலேசியாவில், சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் சாலையோரம் இருக்கிறது இந்தச் சின்ன அருங்காட்சியகம். முன்பு செங்கல் தொழிற்சாலை. அது மூடப்பட்ட பிறகு, பழைய சீன முதலாளியான தவுக்கேயின் மகன் தகரக் கொட்டகையில் பானைகளையும் மர அச்சுகளையும் மண் அறுக்கும் கம்பிகளையும் அடுக்கி, இங்கே முப்பது ஆண்டுகள் மண் மிதித்த குணவதியையே காவலுக்கு வைத்துவிட்டார். இது 1974; அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. குட்டையான உருவம், அகன்ற பாதங்கள். பானைகள் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. "பானை எனக்குத் தெரியாது தம்பி. அட்டையில எழுதியிருக்கு, படிச்சுக்குங்க."

கொட்டகைக்குப் பின்னால் மூன்றாம் சூளை நிற்கிறது. மற்ற இரண்டும் இடிந்துபோயின. அதைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொல்வார். நான் கேட்டேன்.

1943. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். லோரிச் சத்தம் கேட்டாலே தோட்டத்து ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அன்று காலை, சாலையின் இரு பக்கமும் லோரிகள் நிற்பதாகச் செய்தி வந்தது. ஓட வழியில்லை. மூன்றாம் சூளையில் இன்னும் வேகாத பச்சைக் கற்களை அடுக்கி, மறுநாள் தீ மூட்டுவதற்காக வாசலையும் பாதி கட்டியிருந்தார்கள். குணவதியின் கணவர் பிச்சை, அவருடைய தம்பி பரஞ்சோதி, பக்கத்து வீட்டு முனியாண்டி மூவரும் நனைத்த சாக்குகளோடு உள்ளே நுழைந்தார்கள். வாசலை அடைத்து மண் பூசி, லேசாக நெருப்பும் வைக்கச் சொன்னவர் பிச்சைதான். எரிகிற சூளையை யார் திறந்து பார்ப்பார்கள்?

குணவதி கட்டி முடித்தார். அடுப்பு வாயில் ஈர இலைகளைப் போட்டுக் கொளுத்தினார். புகைபோக்கியில் புகை கிளம்பியபோது சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

கொட்டகைகளைக் குடைந்தார்கள். யாரும் அகப்படவில்லை. பிறகு மரநிழலில் உட்கார்ந்து, அங்கே அவித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள். அவர்களில் மூத்தவன் சூளையைப் பார்த்து ஏதோ சொன்னான். கல் சீக்கிரம் வேண்டும், நெருப்பு ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கேட்பதாக உடன் வந்தவன் தமிழில் சொன்னான். விறகுக்கு வெட்டிய பால்மரக் கட்டைகள் பக்கத்திலேயே குவிந்திருந்தன.

"போடலைன்னா சந்தேகப்பட்டு வாசல இடிச்சிருப்பான். போட்டேன். எவ்வளவு நேரம் இருந்தானுங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. அஞ்சு கட்டை போட்டேன். அது தெரியும்."

லோரி சாலையில் ஏறியதும் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டு, வாசலைக் கையாலேயே பெயர்த்தார். பரஞ்சோதியும் முனியாண்டியும் கடைசி மூலையில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். பிச்சை அடுப்பு வாய்க்கு அருகில் கிடந்தார். பச்சைக் கற்களை எடுத்து, நெருப்பு வரும் வாயை உள்ளிருந்தே அடைத்திருந்தார். மிஞ்சிய இடுக்கில் தன்னுடைய ஈரச் சாக்கைத் திணித்திருந்தார். உள்ளங்கைகள் இரண்டும் வெந்திருந்தன. உயிர் இல்லை.

"நான் வெளியில போடப் போட, அவரு உள்ள அடைச்சிருக்காரு."

அதன் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு வேலைக்கும் போகவில்லை. பரஞ்சோதி கூலிமில் இருக்கிறார். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னால் புடவையோடு வந்து வெளிவாசலிலேயே நிற்பார். இவரும் உள்ளே கூப்பிடுவதில்லை. பதினாறாவது ஆண்டு வந்தபோதுதான் பரஞ்சோதி வாய் திறந்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "அண்ணி, கட்டை விழுற சத்தம் உள்ள கேட்டுச்சு. நான் கத்தப் போனேன். அண்ணன் என் வாயப் பொத்துனாரு. 'கத்தாதடா, அவ போட்டுத்தான் ஆகணும்'னாரு."

அன்று புடவையை வாங்கிக்கொண்டாரா என்று கேட்டேன். "வாங்கினேன். ஒரு வாரம் கட்டல. அப்புறம் கட்டினேன்" என்றார்.

மணி ஐந்தாயிற்று. வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். குணவதி அக்கா பெரிய கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சூளைக்கு வந்தார். வாசலில் போட்டிருக்கும் கம்பிக் கதவைச் சாத்துவதற்கு முன், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்து, தலையை உள்ளே நீட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

இன்னொரு முறை கேட்டார். அதற்குப் பிறகுதான் பூட்டினார்.