நான் சொன்ன முதல் சட்ட ஆலோசனை

மலாயாவில் அவசரகாலம் முடியப்போகிறது என்று பேச்சு இருந்தாலும் எங்கள் தோட்டத்தில் அதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. கோலா பிலாவிலிருந்து பகாவ் போகும் வழியில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி; ஒரே வாசல். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களை அங்கே நிறுத்திச் சோதித்துத்தான் விடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் ஒரு வாய்ச் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது.

அப்பா அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. நான் சிங்கப்பூரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆண்டில் குற்றவியல் பாடம் என்னை மயக்கியிருந்தது. விடுமுறைக்கு வந்தாலும் புத்தகத்தோடு வீட்டு முன்தாழ்வார அஞ்சடியில் உட்காருவேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

ஒரு மாலை, கீழ் லயத்து அக்கா ஒருவர் வந்து நின்றார். பால்மரம் வெட்டுகிறவர், ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. இரண்டு நாளுக்கு முன்பு வாசல் சோதனையில் அவருடைய மடியிலிருந்து ஒரு சோற்றுப் பொட்டலத்தை எடுத்திருந்தார்கள். போலீஸ் ஜாமீனில் விட்டிருந்தது. மறுநாள் கோலா பிலாவில் வழக்கு.

"பாப்பா, நீ சட்டம் படிக்கிறேல்ல? கோர்ட்டுல நான் என்னா சொல்லணும், சொல்லு லா."

எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சோறு கொண்டுபோனது உண்மைதானே அக்கா?"

"உண்மைதான் பாப்பா. ஆனா அது யாருக்கும் இல்ல. எனக்கு..."

"யாருக்குன்னு கேக்க மாட்டாங்க. வாசலத் தாண்ட எடுத்துட்டுப் போனாலே குத்தம். காரணம் சட்டத்துக்குத் தேவையில்ல. ஒத்துக்கிட்டு வாய மூடிட்டு நில்லுங்க. சாக்குச் சொன்னா மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம்தான் வரும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மறுபடியும் அதையே, இன்னும் கொஞ்சம் கடினமான சொற்களில் சொன்னேன். "சரி பாப்பா, படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் நான் சொன்னபடியே செய்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் கேட்டாராம். தலையை மட்டும் ஆட்டினாராம். மூன்று மாதச் சிறை.

செய்தி கேட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது.

"ஐயா, அந்தப் பொண்ணு மரத்தடியில ரெண்டு தடவ மயங்கி விழுந்துச்சு. புள்ளைக்குப் பால் குடுக்கிற ஒடம்பு. நடுவுல ஏதாச்சும் சாப்பிடும்மான்னு நான்தான் சொன்னேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்து சொல்லிருப்பேனே. ஏன் வாயத் தொறக்கல?"

அப்பா, "தெரியலையே" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்த நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த வாரமே சிங்கப்பூருக்குத் திரும்பினேன். அம்மா ஒரு டின் நிறைய முறுக்கு கட்டிக் கொடுத்தார். வாசலில் காவல்காரர் அப்பாவின் காரைப் பார்த்ததும் சலாம் வைத்துத் தடுப்புக் கம்பைத் தூக்கினார். டின் என் மடியில்தான் இருந்தது.

அடுத்த பருவத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒருவர் என்னென்ன காரணங்களை எடுத்து வைக்கலாம் என்று பாடம் வந்தது. உடல்நிலை, கைக்குழந்தை, மருத்துவரின் சொல். எழுதிக்கொண்டே வந்த கை நின்றுவிட்டது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். விவாத வகுப்பில் விரிவுரையாளர் உதாரணம் கேட்டபோது எழுந்து அந்த அக்காவின் வழக்கைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

"அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொல்ல ஒருவருமே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா" என்றேன்.

தோட்டத்து மக்களின் நிலையை இவ்வளவு அக்கறையோடு கவனித்திருக்கிறேன் என்று பாராட்டினார். உட்கார்ந்தபோது காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் இருந்தவள் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மறு விடுமுறையில் கீழ் லயத்துக்குப் போனேன். அவர் விடுதலையாகி வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. நீங்க பேசியிருக்கணும்."

"பேசியிருந்தா விட்டிருப்பாங்களா பாப்பா?"

"விட்டிருக்க மாட்டாங்க. கொறச்சிருப்பாங்க."

"எவ்வளவு?"

"தெரியல அக்கா."

துணியை மறுபடியும் ஓங்கி உதறினார். உள்ளே நாத்தனார் மடியில் குழந்தை இருந்தது. அக்கா கை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

"இன்னும் எங்கிட்ட வரமாட்டேங்கிறான். போகப்போகச் சரியாயிரும்" என்றார். என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கலந்து கொடுத்தார்.

வகுப்பில் நான் அவருடைய கதையைச் சொல்லிப் பாராட்டு வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். காப்பியைக் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.