தர்ஷினி வாய் திறந்த வெள்ளிக்கிழமை

என் மகள் தர்ஷினி பேசுவதையே நிறுத்திவிட்டாள். அந்த வேதனையை அம்மன் எப்படித் தீர்த்தாள் என்பதை, அவளை நம்பும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் மத்தூர். கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இருந்தோம். இருவருக்கும் ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு லட்சுமியக்காதான் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். அவர் கன்னடக்காரர். பாப்பாவுக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

போன வருஷம் கணவரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கம், கடலோரத்தில் இருக்கும் அவருடைய கிராமத்துக்கு வந்தோம். புதுப் பள்ளிக்கூடத்தில் பாப்பா தண்ணீர் கேட்டு, கன்னடத்தில் "நீரு பேக்கு" என்றிருக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பேக்கு, பேக்கு" என்றே கூப்பிட்டார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். வீட்டிலும் தலையாட்டல்தான்.

"என்னா கண்ணு ஆச்சு, அம்மாகிட்ட சொல்லு சாமி" என்று கெஞ்சுவேன். காதும் தொண்டையும் நன்றாக இருக்கின்றன, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர்.

ஓசூருக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமல்ல. காலைக் குளிர், கம்பெனி பஸ்ஸில் தோழிகள், பாப்பா ஓயாமல் பேசிய அந்தச் சின்ன வீடு. திரும்பிப் போகலாம் என்று அழுதேன்.

"போயி என்ன செய்ய? வேலை எங்கெ இருக்கு?" என்றார் கணவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், கடலைப் பார்த்திருக்கும் அம்மன் கோயிலில் விழுந்து கதறினேன். "தாயே, ஓசூரைக் கேட்கவில்லை. என் பிள்ளை குரலைக் கொடு."

வீட்டுக்கு வந்தால், வாசலில் கருவாடு ஏற்ற வந்த கர்நாடக லாரி. டிரைவர் என் மாமியாரிடம், "ஊட்டா எல்லி சிகுத்தே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊட்டிக்கு வழி கேக்குறாரோ?" என்றார் மாமியார்.

என் புடவையைப் பிடித்திருந்த பாப்பா சொன்னாள்: "சோறு எங்க கிடைக்கும்னு கேக்குறாரு பாட்டி."

நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ அவரிடம், "பன்னி, நம்ம மனேகே பன்னி" என்றாள். தெருப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாப்பா இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"பன்னின்னா வாங்கன்னு அர்த்தம்! மனேன்னா வீடு! தெரியாதா?"

டிரைவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் பேசித் தீர்த்தார்கள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். மாலையில் அதே பிள்ளைகள் கன்னட வார்த்தை கேட்டு வாசலுக்கு வந்தார்கள்.

இன்று அவள் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். ஓசூர் ஏக்கம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜூஜுவாடி இன்னும் கனவில் வருகிறது. ஆனால் வெள்ளிதோறும் நன்றி சொல்லத்தான் கோயிலுக்குப் போகிறேன், அழுவதற்கு அல்ல.

உங்கள் மனதிலும் பாரம் இருந்தால் அம்மனிடம் போங்கள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் கேளுங்கள். அவளுக்குப் புரியும்.