இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த கார்

வளைகுடாவில் டிரைவராக இருந்த என் கணவர் ஊரோடு வந்துவிட முடிவு செய்தபோது, அங்கே ஆசையாக வாங்கிய காரையும் கப்பலில் அனுப்ப நினைத்தார். "ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு. நம்ம நாட்டுல விடுவாங்களான்னு ஏஜெண்டுகிட்டக் கேளு" என்றார் போனில்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சாமான்களைத் துறைமுகத்தில் எடுத்துக் கொடுக்கும் கோவில்பட்டி ஏஜெண்ட் எங்கள் நாகலாபுரத்துக்காரர்தான். போய்க் கேட்டேன். கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "அதெல்லாம் விடுவாங்கக்கா. நான் இருக்கேன்லா?" என்றார். எழுதித் தாருங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. சொந்த ஊர்க்காரரிடம் போய் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன். பருத்தி போடும் கொட்டகையைக் காருக்காகக் காலி செய்தேன்.

கார் துறைமுகத்தில் இறங்கியது. இடது பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இங்கே அனுமதியே கிடையாது என்று அதிகாரி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். ஓடிப்போய் ஏஜெண்டைக் கேட்டால், "ஸ்டியரிங் பத்தி நீங்க கேக்கவே இல்லியேக்கா!" என்கிறார், கண் இமைக்காமல்! அன்று குடித்த கலர் சோடா இன்றுவரை வயிற்றில் எரிகிறது.

கார் வந்த வழியே திரும்பி, அங்கே அடிமாட்டு விலைக்குப் போனது. கொட்டகையில் மறுபடி பருத்திதான்.

இப்போது யார் வாக்குக் கொடுத்தாலும் பேனாவை நீட்டுகிறேன். போன வாரம் கூடப்பிறந்த தம்பியே, "என்மேல நம்பிக்கை இல்லியாக்கா?" என்று முகம் சுளித்தான்.

"நம்பிக்கையெல்லாம் இருக்குல. நீ எழுது" என்றேன்.